சாயம் வெளுத்த மோட்டார் வண்டி



ஒருவருடைய சாயம் வெளுத்துவிட்டது என்று நாம் சொல்வோமாயின், அவருடைய மேற்பூச்சு நீங்கி உள்ளிருந்த உண்மை வெளிப்பட்டுவிட்டது என்பதே பொருள். மனிதர் விடயத்தில் அஃது இகழ்ச்சியாகவே சொல்லப்படுகின்றது. ஆனால் அறுபது ஆண்டு வெயிலையும் மழையையும் கண்ட மோட்டார் வண்டியொன்றின் சாயம் வெளுக்கும்போது வெளிப்படும் உண்மை இகழத்தக்கதன்று, அது வரலாறு. பழுதுபட்ட பூச்சையும் மங்கிய அணிகளையும் புதுப்பிக்கப் புகுவோர், அந்த வரலாற்றையும் சேர்த்துச் சுரண்டிவிடாதிருப்பது எவ்வாறு என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளிலே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய ஆங்கிலேய வண்டிகள் இன்றும் ஓடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய வண்டியொன்று சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. 1961ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் அது. அதனை 1966இல் பழைய வண்டியாக வாங்கியவர் என் தாய்மாமனார். கிராமத்து உதவி வைத்தியராக இருந்தவர். அவர் காலமான பின்னர் பதினொரு ஆண்டுகள் அந்த வண்டி மாமரத்தின் கீழே கிடந்தது. மாம்பாலும் வௌவால் எச்சமும் படிந்து, மேலே பூசியிருந்த பச்சை நிறம் செதில் செதிலாக உரிந்து, பம்பரிலே கறள் பூத்து, கண்ணாடியைச் சுற்றியிருந்த இறப்பர் வெடித்துக் காணப்பட்டது. எல்லாவற்றையும் இரும்பு தெரியும்வரை சுரண்டியெறிந்து, கண்ணைப் பறிக்கும் புது நிறம் ஒன்று பூசுவித்துவிட வேண்டும் என்பதே என் முதல் எண்ணம். அவ்வாறு செய்யாமைக்குக் காரணம், செய்யுமுன் அப்பூச்சின் வரலாற்றைச் சிறிது படித்துப் பார்த்தமையே ஆகும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கென்று தனியான பூச்சு முறை எதுவும் இருக்கவில்லை. குதிரை வண்டிக்கு நிறம் தீட்டிய கைவினைஞரே மோட்டார் வண்டிக்கும் நிறம் தீட்டினர். எண்ணெயிற் குழைத்த நிறப்பொடியைத் தூரிகையாற் பூசுவர், காயும்வரை காத்திருப்பர், நுரைக்கற் பொடியினால் தேய்த்து மட்டமாக்குவர், மீண்டும் பூசுவர். இவ்வாறு படலத்தின்மேற் படலமாக வளர்த்து, இறுதியிலே வார்னிஷ் இட்டு முடிப்பதற்கு வாரக்கணக்கிற் காலம் சென்றது. வண்டியைச் செய்வதற்கு எடுத்த காலத்திலும், அது காய்வதற்கு எடுத்த காலமே பெரிதாயிருந்தது எனலாம். காயும் வண்டிகளை அடுக்கிவைக்கப் பெரிய மண்டபங்கள் வேண்டியிருந்தன.

அமெரிக்காவிலே ஹென்றி போர்ட் என்பார் 1908ஆம் ஆண்டில் ரீ மொடல் வண்டியை வெளியிட்டபோது, தொடக்கத்தில் அது வேறு நிறங்களிலும் கிடைத்தது. பின்னர் 1914 முதல் 1925 வரை, கறுப்பு ஒன்றே அதன் நிறமாயிற்று. கறுப்பின்மீது அவருக்கிருந்த காதல் இதற்குக் காரணமன்று. நிலக்கீல் சேர்ந்த அந்தக் கறுப்புப் பூச்சு மலிவானது, உறுதியானது, சூளையிலே வேகவைத்து இறுக்கத்தக்கது. யப்பானியரின் மரப்பால் அரக்கு வேலையைப் பார்த்து ஐரோப்பியர் செய்த போலி ஆதலின், அதற்கு யப்பான் கறுப்பு என்னும் பெயர் வழங்கியது. கோடிக்கு மேற்பட்ட வண்டிகளின் நிறத்தை, ஒரு தொழிற்சாலையின் அவசரம் தீர்மானித்தது.

அந்த அவசரத்திற்கு விடை முதலாம் உலகப் போரிலிருந்து வந்தது. பஞ்சை அமிலத்தில் இட்டுச் செய்யப்படும் வெடிபஞ்சு, போரிலே குண்டுகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்த பின்னர், அதே வகைப் பொருளைக் கரைத்து விரைவிற் காயும் பூச்சு ஒன்றினை அமெரிக்காவின் டியூப்போண்ட் கொம்பனியார் செய்தனர். டியூக்கோ என்பது அதன் பெயர். 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் என்னும் வண்டி அப்பூச்சை நீல நிறத்தில் அணிந்து வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடியலாயிற்று. அழிவுக்கென்று அறிந்த வித்தை அழகுக்குப் பயன்பட்ட அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

இந்தப் பூச்சு தூரிகைக்கு அடங்காத வேகத்திற் காய்வது. அதனை விசிறிப் பூசுதற்கு வேண்டிய கருவியோ, வைத்தியசாலையின் பக்கமிருந்து வந்தது. ஒகையோ மாநிலத்து வைத்தியரான டி வில்பிஸ் என்பார், நோயாளரின் தொண்டையிலே மருந்தை நுண்துளிகளாகத் தெளிப்பதற்கு 1880களில் ஒரு கருவி செய்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மகன் அந்த முறையையே சாயம் விசிறும் கருவியாக வளர்த்தெடுத்தார். இன்று எந்தக் கராஜிலும் சீறிக்கொண்டிருக்கும் அக்கருவி, ஒரு தொண்டை வைத்தியரின் மேசையிற் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்? 1930களில் செயற்கைப் பிசின் சேர்ந்த எனாமல் வகைகள் பரவின. அவையும் சூளையில் இறுகுவன. 1980களிலேதான், நிறப் படலத்தின்மேல் நிறமற்ற தெளிந்த படலம் ஒன்றை இட்டு மூடும் இன்றைய முறை பெருவழக்காயிற்று.

இனி, வண்டியின் அணிகலன்களைப் பார்ப்போம். ஆதி மோட்டார் வண்டிகளின் விளக்குகளும் முகப்பும் பித்தளையினாலானவை. நம் வீட்டுக் குத்துவிளக்கைப்போல, நாள்தோறும் துலக்காவிடின் அவை கறுத்துப்போகும். பின்னர் நிக்கல் முலாம் வந்தது. அதுவும் மங்கியது. குரோமியம் என்னும் உலோகத்தைப் பிரான்சு நாட்டு வோகெலின் 1797ஆம் ஆண்டளவிலேயே கண்டறிந்திருந்தார். எனினும், அதனை மின்முலாமாக ஏற்றும் முறை 1920களில், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே கொலின் பிங்க் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் செய்த முயற்சியினாலேயே தொழிலுக்கு ஏற்றதாயிற்று. நாம் பம்பரிற் காணும் வெள்ளி ஒளி முழுவதும் குரோமியம் என்று எண்ணுதல் தவறு. அடியில் நிக்கல், பல வேலைகளில் அதற்கும் அடியிற் செம்பு, எல்லாவற்றிற்கும் மேலே, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் மெல்லியதாய்க் குரோமியம். அந்த மெல்லிய தோலிலுள்ள நுண்ணிய துளைகளினூடே ஈரம் புகுந்து இரும்பைத் தொடும்போதுதான், புள்ளி புள்ளியாகக் கறள் மேலெழுகின்றது.

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் இறப்பரின் கதை நமது நாட்டையும் தொட்டுச் செல்வது. 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற வித்துகள் இலண்டன் கியூப் பூங்காவில் முளைத்தன. அந்த நாற்றுகளில் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அந்த நாற்றுகள் ஒரு தாய்வழி. மரத்தின் பாலாகப் பிறந்த அந்தப் பொருள் வெயிலுக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் ஆற்றாது. ஆதலால் வண்டியின் உறுப்புகளுள் அதுவே பெரும்பாலும் முதலில் மூப்படைகின்றது.

இவ்வளவும் பொதுவான வரலாறு. இனி மொறிஸ் மைனருக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டிலே இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சியில் இவ்வண்டி வெளியிடப்பட்டது. இதனை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். வெளியீட்டுக்குச் சிறிது முன்னர், வண்டி அளவுக்கு மிஞ்சி ஒடுங்கியதாக அவர் கண்ணுக்குப் பட்டது. உடனே மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பம்பர்களோ முன்பே செய்யப்பட்டிருந்தன. எனவே முதல் வண்டிகளில் பம்பரை நடுவே அறுத்து, நான்கு அங்குலத் தகடு ஒன்றை இடையிலே பொருத்தினார்கள். இயந்திரத்தை மூடும் முன்மூடியின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டியும் அந்த நான்கு அங்குலத்தின் சாட்சியே. அறியாதவர் அதனை அலங்காரம் என்பர். அறிந்தவர் தழும்பு என்பர்.

கொம்பனியின் தலைவரான நபீல்ட் பிரபுவுக்கு இந்த வண்டியின் உருவம் சிறிதும் பிடிக்கவில்லை. ஓடின்றி நீரில் அவித்த முட்டையைப் போல் இருக்கிறதென்று அவர் வெறுத்ததாகச் சொல்வர். அவர் வெறுத்த வண்டியே, பிரித்தானியாவில் செய்யப்பட்ட வண்டிகளுள் பத்து இலட்சம் என்னும் தொகையை முதன்முதல் எட்டியது. அதனைக் கொண்டாட 1961இல் வெளிர் ஊதா நிறத்தில் 350 வண்டிகள் தனியாகப் பூசி விடப்பட்டன. உற்பத்தி நின்ற 1970களின் தொடக்கம்வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் வீதிக்கு வந்தன.

இவற்றுட் பல இலங்கைக்கும் வந்தன. வைத்தியரும் ஆசிரியரும் தோட்டத்துரைமாரும் அவற்றை வாங்கினர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட, வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதிய வண்டி என்பது பலருக்குக் கனவாகவே இருந்தது. உள்ளதைக் காப்பதன்றி வேறு வழியில்லை என்ற அந்த நிலைதான், நம் நாட்டுத் தகட்டு வேலைக்காரரையும் பூச்சு வேலைக்காரரையும் வல்லவர்களாக்கிற்று. இந்தக் கைத்திறன் வீண்போகவில்லை. 1990களில் இங்கிலாந்திலே பழைய மைனர்களைப் புதுப்பித்தோருக்கு வேண்டிய தகட்டு உறுப்புகள் சில, இலங்கையிற் செய்யப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன. வண்டி பிறந்த நாட்டுக்கு, வளர்ந்த நாடு மருந்து அனுப்பிய கதை இது.

குடாநாட்டில் நடந்தது வேறொரு கதை. 1990க்குப் பின்னர் பாதை மூடப்பட்டு, பெற்றோலும் பல பொருள்களும் வராது நின்றபோது, சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை இயக்கிவிட்டுப் பின்பு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டுவதை மக்கள் பழகிக்கொண்டனர். இந்தப் பழைய வண்டிகளின் எளிய இயந்திரம் அதற்கு இடங்கொடுத்தது. என் மாமனாரும் அவ்வாறே ஓட்டினார். இரவிலே பிரசவ வேதனையுற்ற பெண்களை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே அந்த வண்டியின் முதல் வேலையாயிருந்தது. அதன் உடம்போ வெளிர் சாம்பல். நிலவிலும் வெயிலிலும் பளிச்சென்று மேலிருந்து தெரியத்தக்கது. ஆகவே 1991ஆம் ஆண்டில் ஒருநாள், வீட்டிலே கதவுக்குப் பூசி மிஞ்சியிருந்த கரும்பச்சைப் பூச்சை எடுத்து, தூரிகையினாலே வண்டி முழுவதும் தாமே பூசினார். பம்பரையும் விட்டாரில்லை. அன்று இளைஞனாயிருந்த நான் பூச்சு வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நல்ல வண்டியைப் பாழாக்குகின்றாரே என்று மனத்துக்குள் வருந்தினேன்.

மாமரத்தடியில் உரிந்துகொண்டிருந்தது அந்தப் பச்சைதான்.

இந்த நிலையில் வண்டியைக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்றேன். அங்கே பூச்சு வேலை செய்பவர் எழுபது வயது கடந்த ஒருவர். வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கதவின் ஓரத்தில் நாணய அளவான ஓரிடத்தை நனைத்து, நுண்ணிய அரத்தாளினால் மெல்ல மெல்லத் தேய்த்தார். பச்சை விலகிற்று, சாம்பல் தெரிந்தது, இன்னும் தேய்க்க முதற்பூச்சு, அதற்குள்ளே இரும்பு. மரத்தை அறுத்தால் வயதைக் காட்டும் வளையங்களைப்போல, அந்தச் சிறு வட்டத்திலே வண்டியின் ஆயுள் முழுவதும் தெரிந்தது. “மாஸ்ரர், அடிச்சாயம் இன்னும் உயிரோடைதான் இருக்குது. கொம்பனியிலை பூசினது ஒருக்காத்தான் கிடைக்கும். சுரண்டிப்போட்டுப் பிறகு என்னைக் கேளாதேங்கோ” என்றார்.

“அண்ணை, சாயத்துக்கு உயிர் இருக்குதோ?” என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை, நான் பின்னர் படித்தறிந்தவற்றோடு சேர்த்துச் சொல்கின்றேன்.

சாயம் என்பது நிறப்பொடியும் அதனைப் பிணித்து வைக்கும் பிசினும் சேர்ந்தது. வெயிலின் ஊதாக் கடந்த கதிரும் காற்றும் சேர்ந்து மேற்பரப்பிலுள்ள பிசினை அரிக்கின்றன. பிணைப்பு இழந்த நிறப்பொடி மேலே சுண்ணாம்பு போலப் படிகின்றது. பழைய வண்டியைத் தடவினாற் கையில் ஒட்டுவது அதுவே. கரடுபட்ட பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் வெளுத்ததுபோலத் தோன்றுகின்றது. உண்மையில் இறந்தது மேற்றோல் மட்டுமே. அதனை மெல்லிய தேய்ப்புப் பசையினால் நீக்கினால், கீழேயுள்ள நிறம் வெளிப்படும். துணியில் வண்டியின் நிறம் ஒட்டுமாயின் அது ஒற்றைப் பூச்சு வகை. ஒட்டாவிடின், மேலே தெளிந்த படலமுள்ள பிற்கால வகை. இச்சோதனை பழைய வண்டி வாங்குவோர் எவருக்கும் பயன்படும். தெளிந்த படலமே உரிந்து போயிருந்தால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, மறுபூச்சே வழி.

தேய்ப்பதற்கும் எல்லை உண்டு. பூச்சு முழுவதும் சேர்ந்தும் பள்ளிக்கூடக் கொப்பியின் ஒரு தாள் அளவே தடிப்புடையது. ஒவ்வொரு தேய்ப்பும் அதில் ஒரு பங்கைக் கொண்டுபோகின்றது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியதாதலின் அங்கே கை இன்னும் இளக வேண்டும். தேய்க்குமுன் சவர்க்கார நீரினால் நன்கு கழுவி மணலை அகற்றாவிடின், அந்த மணலே கத்தியாகிவிடும். பழைய சாயங்களில் ஈயம் கலந்திருப்பது உண்டு. ஆதலால் உலரத் தேய்த்துத் தூசியைச் சுவாசித்தல் ஆகாது; நீரிட்டே தேய்த்தல் வேண்டும்; குழந்தைகளை அண்டவிடலாகாது. முடிவில் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு, எண்பது பாகை வெப்பத்துக்குமேல் உருகுவதாதலின் நம் வெயிலுக்கு இளகாது. மெழுகு நிறத்தைத் தருவதில்லை. உள்ள நிறத்தைக் காக்கின்றது.

பம்பரிலே, மாமனார் பூசிய பச்சை உரிந்த இடங்களிற் கறள் எழுந்திருந்தது. அதற்கு அந்த முதியவர் கையாண்டது அலுமினியத் தாள். அதனைக் கசக்கி, நீரில் தோய்த்துத் தேய்த்தார். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானதாகையால் முலாமைக் கீறாமற் கறளை மட்டும் வாங்கிக்கொண்டது. துளைத்துப்போன இடங்கள் மீளவில்லை. வெடித்த இறப்பரும் மீளவில்லை. மீட்க இயலாததை மாற்றத்தான் வேண்டும். கூரையின் பூச்சும் அவ்வாறே வெந்து போயிருந்தது. எதை மீட்பது, எதை மாற்றுவது, எதை உள்ளபடி விடுவது என்னும் இந்த மூன்று வினாக்களே அந்தக் கராஜில் எங்கள் முன் நின்றன.

இவை பழைய வினாக்களே. 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கின்றோம் என்று புகுந்தோர், பல நூற்றாண்டுச் சுண்ணச் சாந்தையும் பின்னோர் சேர்த்த வேலைகளையும் சுரண்டியெறிந்து, தாங்கள் எண்ணிய ஆதி உருவத்தைப் புதிதாகக் கட்டினர். இதனைக் கண்டு வெகுண்ட கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸ், 1877ஆம் ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்பது அதற்கு விளையாட்டாக வழங்கிய பெயர். அவர் சமதர்மக் கொள்கையினருமாதலால், தமிழிலே அச்சொல் தரும் இரு பொருளிலும் அவர் சுரண்டலின் எதிரியே. பழுது பரவாமல் தடு, கூரையை மூடு, நாள்தோறும் பேணு, காலம் எழுதியதை அழித்து நீ எழுதாதே என்பதே அவருடைய கொள்கையின் சாரம்.

அதே 1877ஆம் ஆண்டில் இன்னொரு வில்லியம் மொறிஸ் பிறந்தார். பதினைந்து பதினாறு வயதில், நாலு பவுண் முதலோடு ஒக்ஸ்போர்ட்டிலே துவிச்சக்கர வண்டி திருத்தத் தொடங்கி, மோட்டார் வண்டி செய்து, நபீல்ட் பிரபு ஆனவர் இவர். ஒரு மொறிஸ் பழையதைக் காக்கச் சங்கம் வைத்தார்; ஒரு மொறிஸ் புதியதை இலட்சக்கணக்கிற் செய்தார். உறவினரல்லர், பெயர் மட்டுமே ஒன்று. அந்த ஆண்டிலேயே கொழும்பில் பிறந்தார் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் பழங்கலைகள் அழிந்துபோவதைக் கண்டு வருந்தி அவர் எழுதிய மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் 1908இல் வெளிவந்தது. கவிஞர் மொறிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியிலேயே அது அச்சாயிற்று. பழையதைப் பேணல் என்பது கோயிலுக்கும் ஓவியத்துக்கும் மாத்திரம் உரியதன்று, கைபட்டுச் செய்த எப்பொருளுக்கும் உரியது என்பதை இவ்விருவரிடமிருந்தும் கற்கலாம்.

இனி, வண்டிக்கு நாங்கள் செய்ததைச் சொல்லி முடிக்கின்றேன். உரிந்துகொண்டிருந்த பச்சை, ஈரத்தைப் பிடித்துவைத்து அடியிலே கறளை வளர்த்துக்கொண்டிருந்தது. ஆதலால் பக்கங்களிலும் முன்மூடியிலும் அதனைப் பொறுமையோடு நீக்கினோம். மூன்று கிழமை சென்றது. அறுபது ஆண்டுக்கு முந்திய நீலங்கலந்த சாம்பல், அங்கங்கே தேய்ந்திருந்தாலும், வெளியே வந்தது. வெந்துபோன கூரைக்கு மட்டும் அதே நிறத்தில் மறுபூச்சு இட்டோம். சாரதிப் பக்கத்துக் கதவின் மேல்விளிம்பிலே, கை வைத்து வைத்துச் சாயம் தேய்ந்து இரும்பு தெரியும் ஓரிடம் உண்டு. கறள் பிடியாதபடி மெழுகிட்டு, அதனை அப்படியே விட்டோம். என் மாமனாரின் முழங்கை முப்பது ஆண்டுகள் இருந்த இடம் அது.

பின்னாலுள்ள பொதிப்பெட்டி மூடியில் மட்டும் பச்சை உறுதியாக ஒட்டியிருந்தது. அதில் தூரிகை ஓடிய கோடுகள் தெரிந்தன. தூரிகையிலிருந்து உதிர்ந்த மயிர் ஒன்றும் பூச்சினுள் அகப்பட்டிருந்தது. முதியவர் அரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மெழுகு டப்பாவை எடுத்தார்.

அன்று நான் பாழாக்கல் என்று நினைத்தது, ஒரு மனிதர் தமக்கு அருமையான பொருளின் அழகைக் கொடுத்து, அதனுள்ளே ஏறியவர்களின் உயிரைக் காத்த செயல் என்பதை உணர எனக்கு முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. தொழிற்சாலை பூசிய சாம்பலைப் போல் இலட்சம் வண்டிகள் இருந்தன. அந்தப் பச்சை உலகில் ஒன்றே ஒன்று.

நேயர்களே, 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், பழைய வண்டியைத் துடைத்துப் பேணும் பழக்கத்தை நம்மிற் பலர் மறுபடி கற்றோம். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் அப்படியொன்று நிற்கலாம். அதனைப் புதுப்பிக்க விரும்பினால், முதலிற் கழுவுங்கள். பின்னர், கண்ணிற் படாத ஓர் மூலையில் நாணய அளவு தேய்த்துப் பாருங்கள். கறளைத் தடுங்கள், அதில் இரக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு படலத்தையும் நீக்குமுன், அதனைப் பூசியவர் யார், ஏன் பூசினார் என்று வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். பூச்சை நாளையும் நீக்கலாம். கேட்க வேண்டியவர்கள் நாளை இருப்பார்களோ அறியோம்.

என் வண்டி பாடசாலை வாயிலில் நிற்கும்போது, பின்மூடி மட்டும் பச்சையாயிருப்பதைக் கண்டு, “சேர், பெயின்ற் அடிக்கக் காசு முடிஞ்சு போச்சோ?” என்று மாணவர் கேட்பதுண்டு. நான் சிரித்துக்கொண்டு, கையிலுள்ள புத்தகத்தை மூடிவிட்டு, அவர்களை அந்த வண்டியண்டை அழைத்துச் சென்று கதை சொல்லத் தொடங்குவேன். அன்றைய வரலாற்றுப் பாடம் அங்கே நடைபெறும்.